பச்சைக் குறியும் தமிழ்த் திரையும்: தன்னியக்க உலாவிச் சோதனை பற்றிய ஒரு விமரிசன நோக்கு

தொழில்நுட்பம் நடுநிலையானது என்னும் கருத்து இன்று கல்வியுலகிலும் நிர்வாக உலகிலும் பெரிதும் ஆட்சி செலுத்துகின்றது. கருவிக்கு மொழியில்லை, வர்க்கமில்லை, சார்பில்லை. அதனைக் கையாளுபவனிடத்தேதான் குறையிருக்கலாம் என்பர் இக்கருத்தினர். இதன் பிழையை உணர்த்துதற்குப் பெரும் இயந்திரங்களைத் தேடிச் செல்லவேண்டியதில்லை. இணையத்தளம் ஒன்றை வெளியிடுமுன் அது செவ்வனே இயங்குகின்றதா எனப் பார்த்தற்பொருட்டு நிரலாளர் எழுதிவைக்கும் முப்பது, நாற்பது வரிகள் கொண்ட அமைவுக் கோப்பு ஒன்றே போதுமானது. எந்த உலாவியில், எந்தப் பதிப்பில், எந்த அளவுத் திரையில், எந்த மொழியில் தளத்தைச் சோதிக்கவேண்டும் என்பதை அக்கோப்பே விதிக்கின்றது. தளத்தைக் கேட்டு வாங்கும் நிறுவனத் தலைவர் அதனை வாசிப்பதில்லை. தளத்தைப் பயன்படுத்தும் பொதுமகன் அப்படியொன்று இருப்பதையே அறியான். ஆயின், எவர் பயனாளர், எவர் பயனாளரல்லர் என்பது தீர்மானிக்கப்படுவது அவ்வரிகளிலேயேயாம்.

சோதனை முடிந்ததும் திரையிலே பச்சைக் குறி தோன்றுகின்றது. தளம் சரியாக உள்ளது என அதற்குப் பொருள் கொள்ளப்படுகின்றது. கோப்பிலே குறிக்கப்பட்ட நிலைமைகளில், கேட்கப்பட்ட கேள்விகளுக்கு, எதிர்பார்த்த விடை கிடைத்தது என்பதற்கு மேல் அப்பச்சைக்குப் பொருளில்லை. இவ்விரு பொருள்களுக்குமிடையேயுள்ள இடைவெளியிலேதான் தமிழிற் படிப்போரும் எழுதுவோரும் விழுந்துகிடக்கின்றனர்.

சோதனைச் சேவையின் தோற்றம்

1994இல் நெற்ஸ்கேப் நவிகேற்றரும் 1995இல் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் இன்ரநெற் எக்ஸ்புளோரரும் வெளிவந்த காலந்தொட்டு, ஒரே பக்கத்தை இரு உலாவிகள் இரு விதமாகக் காட்டுதல் இணையத்தின் தீராத நோயாயிற்று. இன்ன உலாவியிற் பார்த்தல் நன்று என்னும் அறிவித்தலைத் தளத்தின் முகப்பிலே ஒட்டிவைத்தல் அக்கால வழக்கம். பயனாளனே தளத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளவேண்டும் என்பதே அவ்வறிவித்தலின் உட்கிடை.

2004இல் சிக்காகோவில் தோட்வேர்க்ஸ் நிறுவனத்திற் பணியாற்றிய ஜேசன் ஹகின்ஸ் என்பவர், அந்நிறுவனத்தின் உள்ளகப் பதிவுச் செயலியை மீண்டும் மீண்டும் கையாற் சோதிக்கும் சலிப்பைத் தவிர்க்கும் நோக்குடன் ஒரு நிரலை எழுதினார். மனிதன் செய்வதைப் போன்று உலாவியைத் தானே இயக்கும் அந்நிரல் செலனியம் எனப் பெயர் பெற்றது. சில ஆண்டுகளின் பின் சைமன் ஸ்டுவர்ட் இதே நோக்குடன் வெப்ட்ரைவரை உருவாக்கினார். 2011இல் இவ்விரண்டும் ஒரே திட்டமாக வெளிவந்தன. 2018 யூன் மாதத்தில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வெப்ட்ரைவரை வலையின் நியமங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

நிரல் கிடைத்தாலும் பல்வேறு உலாவிகளையும் இயங்குதளங்களையும் கைபேசிகளையும் ஓரிடத்திலே சேர்த்துவைத்தல் எல்லோர்க்கும் இயலுவதன்று. இத்தேவையிலிருந்தே மேகக் கணிமைச் சோதனைச் சேவைகள் பிறந்தன. ஹகின்ஸ் உள்ளிட்டோர் 2008இல் தொடங்கிய சோஸ் லாப்ஸ், 2011இல் மும்பையிலே தோன்றிய பிரௌசர்ஸ்டாக் முதலியன இவ்வகையின. இச்சேவைகள் தம் கட்டடங்களிலே பல்லாயிரம் உலாவிகளையும் கைபேசிகளையும் இயக்கிவைத்து, அவற்றை நிமிடக் கணக்கிலும் இணைப்புக் கணக்கிலும் வாடகைக்கு விடுகின்றன. நிரலாளர் தம் மேசையிலிருந்து கட்டளை அனுப்புகின்றார்: இப்பக்கத்தைத் திற, இப்பெட்டியில் இப்பெயரை எழுது, இப்பொத்தானை அழுத்து, வந்த வாசகம் இதுதானா எனப் பார். தொலைவிலுள்ள இயந்திரம் அவ்வாறே செய்து, படமும் பதிவும் சேர்த்து விடையனுப்புகின்றது.

இச்சாதனையைக் குறைத்து மதிப்பிடுதல் அறியாமையாகும். ஐபோன் ஒன்றைக் கண்ணாலும் காணாத சிற்றூர் இளைஞன் ஒருவன் தன் தளத்தை ஐபோனிலே சோதித்துப் பார்க்க இச்சேவைகள் வழிசெய்கின்றன. கையால் ஒரு நாள் முழுவதும் செய்யவேண்டிய சோதனை சில நிமிடங்களில் முடிகின்றது. ஆகவே விமரிசனம் கருவியின் மீதன்று; கருவியின் விடையை உண்மையின் முழுமையாகக் கொள்ளும் மனப்பான்மையின் மீதேயாகும். சோதனை என்பது வழு உண்டெனக் காட்டவல்லதேயன்றி வழு இல்லையென நிறுவவல்லதன்று என்பதை ஒல்லாந்து நாட்டுக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா அரை நூற்றாண்டுக்கு முன்னரே வலியுறுத்திவிட்டார். அறிந்த உண்மையை மறந்துவிடுதல் வணிகத்துக்கு வசதியானது.

அமைவுக் கோப்பு என்னும் குடிசன மதிப்பீடு

அமைவுக் கோப்பிலே இடம்பெறுவன யாவை? சேவையின் முகவரி, கணக்கின் பெயர், இரகசியத் திறவுகோல், உலாவியின் பெயர், பதிப்பு, இயங்குதளம், திரையின் அளவு, மொழி, ஒரே வேளையில் ஓடக்கூடிய இணைப்புகளின் தொகை, தவறினால் எத்தனை முறை மீள ஓட்டுவது என்னும் எண் ஆகியன. இவற்றுள் முகவரியும் திறவுகோலும் பொறியியல் விடயங்கள். ஏனையவை அனைத்தும் சமூகத் தீர்மானங்கள். குடிசன மதிப்பீட்டிலே பெயர் பதியப்படாதவன் அரசின் கண்ணுக்கு இல்லாதவனாவது போலவே, இக்கோப்பிலே குறிக்கப்படாத உலாவியையும் மொழியையும் உடையவன் தளத்தின் கண்ணுக்கு இல்லாதவனாகின்றான்.

முதலிற் பதிப்பை நோக்குவோர்க்கு இது புலனாகும். குரோம், அண்மைய பதிப்பு என ஒரு வரியில் எழுதிவிடுதல் பெருவழக்கு. ஆயின் அண்மைய பதிப்பு எல்லோர்க்கும் கிட்டுவதன்று. 2023ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான குரோம் 120, அண்ட்ரொயிட் 7 கொண்ட கைபேசிகளைக் கைவிட்டது. அத்தகைய கைபேசி வைத்திருப்பவர் எத்துணை விரும்பினும் 119ஆம் பதிப்பைக் கடந்து செல்லுதல் முடியாது. புதுக் கைபேசி வாங்கும் வசதியில்லாமையால் அவர் பழைய பதிப்பிலேயே நிற்கின்றார். அண்மைய பதிப்பு என்னும் அவ்விரு சொற்கள் ஒரு வருமான எல்லையைக் கீறுகின்றன என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

அடுத்து உலாவிகளின் பன்மையை நோக்கலாம். குரோம், எட்ஜ், ஒப்பேரா என மூன்று பெயர்களைக் கோப்பிலே நிரைப்படுத்தி, மூன்று உலாவிகளிற் சோதித்துவிட்டதாகப் பெருமை கொள்வோர் உளர். ஒப்பேரா 2013இலும் எட்ஜ் 2020இலும் குரோமின் அடிப்படையான குரோமியத்துக்கே மாறிவிட்டன. பெயர் மூன்றாயினும் எந்திரம் ஒன்றே. ஒரே ஆசிரியர் மூன்று புனைபெயர்களில் எழுதிய மதிப்புரைகளை மூன்று விமரிசகரின் தீர்ப்பாகக் கொள்வதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

கைபேசி விடயத்திலும் இத்தகைய மயக்கம் உண்டு. 2020இல் மைக்ரோசொப்ட் வெளியிட்ட பிளேரைட் முதலிய கருவிகளிலே ஐபோனின் பெயரைக் குறித்துச் சோதனையை ஓட்டலாம். அவ்வாறு குறிக்கும்போது உண்மையான ஐபோன் எதுவும் இயங்குவதில்லை. திரையின் அளவு, தொடுதிரை வசதி, உலாவி தன்னை அறிமுகப்படுத்தும் வாசகம் போன்ற சில பண்புகளே போலிசெய்யப்படுகின்றன. கருவியோடு வரும் வெப்கிற் எந்திரமும் அப்பிள் நிறுவனம் கைபேசியில் வைத்துத்தரும் சபாரி அன்று. நாடகத்தில் அரசன் வேடம் புனைந்தவனிடம் வரி செலுத்தியவன், அரசனுக்கே செலுத்திவிட்டதாகக் கருதுவது போன்றது இது.

தமிழ் தவறும் இடங்கள்

மொழி என்னும் வரிக்கு வருவோமாயின் நிலைமை இன்னும் பாரதூரமானது. பெரும்பாலான அமைவுக் கோப்புகளில் அவ்வரியே இருப்பதில்லை. இல்லாதபோது இயந்திரம் ஆங்கிலத்தைத் தானே எடுத்துக்கொள்கின்றது. தமிழ்ப் பக்கம் உண்டெனினும் அது ஆங்கிலப் பக்கத்தின் நிழலாகவே கருதப்பட்டு, ஆங்கிலம் சரியெனில் தமிழும் சரியே என முடிவு கட்டப்படுகின்றது. இம்முடிவு எவ்வளவு தவறானது என்பதை நான்கு உதாரணங்களாற் காட்டலாம்.

முதலாவது, எழுத்துருவின் இன்மை. சோதனை ஓடும் தொலைவு இயந்திரத்திலே தமிழ் எழுத்துரு நிறுவப்படாதிருக்கலாம். அப்போது திரையிலே தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாக வெறும் பெட்டிகள் வரிசையாகத் தோன்றும். சோதனை நிரலோ திரையைக் கண்ணாற் பார்ப்பதில்லை. பக்கத்தின் உள்ளமைப்பிலிருந்து வாசகத்தை எடுத்து, எதிர்பார்த்த வாசகத்தோடு ஒப்பிடுகின்றது. வாசகம் அங்கே முழுமையாக உண்டு. காட்டுதற்கான எழுத்துருவே இல்லை. ஆகவே சோதனை பச்சை காட்டுகின்றது. மனிதனுக்கு ஓரெழுத்தேனும் வாசிக்கமுடியாத பக்கம், இயந்திரத்தின் தீர்ப்பிலே குறைவற்ற பக்கமாகின்றது. இதன் மறுதலையும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அமைந்த ஆவணங்களிலே கண்ணுக்குத் தோன்றுவது செந்தமிழ். உள்ளே சேமிக்கப்பட்டிருப்பதோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவை. முன்னையதில் உள்ளம் சரி, உருவம் பிழை. பின்னையதில் உருவம் சரி, உள்ளம் பிழை. இரண்டையும் ஒருங்கே பார்க்காத சோதனை சோதனையன்று.

இரண்டாவது, ஒரே தோற்றமும் வேறு குறிகளும். கொ என்னும் எழுத்தை ஒருங்குறியில் இரு வகையாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்த்தல் ஒன்று. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தல் மற்றொன்று. இரண்டும் சமமானவை என நியமமே கூறுகின்றது. ஆயின் ஒப்பிடுமுன் ஒரே வடிவத்துக்கு மாற்றும் வேலையை நிரலாளர் செய்யாராயின், கொழும்பு என்னும் ஊர் கணினிக்கு இரண்டு ஊராகிவிடும். இதனினும் சிக்கலானது ஸ்ரீ என்னும் எழுத்து. அதனை ஸகரத்தைக் கொண்டும் எழுதலாம். 2005இல் ஒருங்குறியின் 4.1ஆம் பதிப்பிற் சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகவே தோன்றும். நியமமோ இவற்றைச் சமமென விதிக்கவில்லை. ஸ்ரீதரன் என்னும் பெயர் ஒரு வகையிற் பதியப்பட்டு மறு வகையில் தேடப்படின், அப்படியொருவர் இல்லை என்பதே விடையாக வரும். நாட்டின் பெயரிலேயே இவ்வெழுத்தைக் கொண்டுள்ள ஓர் அரசின் பதிவேட்டில் இது சிறு விடயமன்று. சோதனையை எழுதுபவரோ ஒரே விசைப்பலகையில் எழுதிய ஒரே வாசகத்தையே பதிவுக்கும் தேடலுக்கும் பயன்படுத்துகின்றார். அவருக்கு என்றென்றும் பச்சையே.

மூன்றாவது, நீளம். யாழ்ப்பாணம் என்பது தமிழில் ஆறெழுத்துச் சொல். ஆங்கிலத்திலும் அவ்வூரின் பெயர் ஆறெழுத்தே. ஆயின் ஒருங்குறியில் ஆங்கிலப் பெயர் ஆறு குறிகளில் அடங்க, தமிழ்ப் பெயர் பதினொரு குறிகளைக் கொள்கின்றது. புள்ளியும் காலும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதே காரணம். விண்ணப்பப் படிவத்தின் ஊர்ப்பெயர்ப் பெட்டிக்குப் பத்துக் குறி என எல்லை வகுக்கப்பட்டிருப்பின், ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு நான்கு இடம் மிஞ்சும். தமிழில் எழுதுபவருக்கு இறுதி மகரத்தின் புள்ளி விழுந்துவிடும். திருக்கோணமலை எழுதுபவரோ மலையையே இழந்து திருக்கோணம என்ற அளவில் நிற்பார். ஆங்கிலப் பெயரை இட்டு ஓட்டிய சோதனை இக்குறையை ஆயிரம் தடவை ஓடினாலும் கண்டுபிடிக்காது.

நான்காவது, எழுதும் முறை. தன்னியக்கச் சோதனை ஒரு பெட்டியில் எழுதும்போது, முடிந்த வாசகத்தின் எழுத்துகளை நேரடியாக உலாவிக்கு அனுப்புகின்றது. தமிழில் எழுதும் மனிதர் அவ்வாறு எழுதுவதில்லை. ஒலிபெயர்ப்பு முறையில் எழுதுபவர் ஆங்கில விசைகளை அழுத்த, இடையிலுள்ள உள்ளீட்டு மென்பொருள் அவற்றைப் படிப்படியாகத் தமிழாக மாற்றுகின்றது; ஓரெழுத்து இரண்டு, மூன்று உருவங்கள் எடுத்த பின்னரே நிலைபெறுகின்றது. ஒவ்வொரு விசைக்கும் ஓரெழுத்து எனக் கருதி எழுதப்பட்ட தளங்கள் இவ்விடைநிலையில் எழுத்துகளைத் தின்றுவிடுவதுண்டு. இவ்விடைநிலையைச் சோதனை தொடுவதே இல்லை.

இந்நான்கு குறைகளுக்கும் பொதுவான இயல்பொன்று உண்டு. இவை எவையும் அரிய குறைகளல்ல. கொழும்பு, யாழ்ப்பாணம், ஸ்ரீதரன் என அன்றாடம் எழுதப்படும் பெயர்களிலே நிகழ்பவை. இவை சோதனைக்குத் தப்புவது நுட்பமானவை என்பதாலன்று. எவரும் இவற்றைக் கேட்கவில்லை என்பதாலேயேயாம்.

சிவப்பைப் பச்சையாக்கும் கலை

கேட்கப்பட்ட கேள்விக்கும் தவறான விடை வருமாயின் என் செய்யப்படுகின்றது? இங்கும் அமைவுக் கோப்பு துணைக்கு வருகின்றது. தவறினால் மூன்று முறை மீள ஓட்டு என ஒரு வரி எழுதப்படுகின்றது. இருமுறை சிவப்பும் ஒருமுறை பச்சையும் வரின் முடிவு பச்சையெனக் கொள்ளப்படுகின்றது. நிலையற்ற சோதனைகள் உண்மையிலேயே உள்ளன என்பதை மறுத்தல் கூடாது. தம் சோதனை ஓட்டங்களில் ஏறத்தாழ 1.5 வீதம் நிலையற்ற விடை தருவதாகவும், சோதனைகளுள் ஏறத்தாழ 16 வீதம் ஓரளவேனும் நிலையற்ற தன்மை உடையனவென்றும் கூகிள் நிறுவனத்தினரே 2016இல் வெளியிட்டனர். ஆயின் நிலையாமைக்குக் காரணம் தேடுதல் வேறு. காரணத்தைத் தேடாமலே பச்சை வரும்வரை ஓட்டுதல் வேறு. தொலைதூர இணைப்பின் தாமதத்தால் மூன்றில் இருமுறை தவறும் பக்கம், தாமதமான இணைப்புடைய கிராமத்து வாசகருக்கும் அவ்வாறே தவறும். இயந்திரத்துக்கு மூன்று வாய்ப்புக் கொடுக்கும் தளம், மனிதனுக்கு அத்தனை வாய்ப்புக் கொடுப்பதில்லை.

படத்தை ஒப்பிடும் சோதனைகள் இருக்கின்றனவே எனச் சிலர் விடையிறுக்கலாம். பக்கத்தைப் படமெடுத்து, முன்னர் எடுத்த மாதிரிப் படத்துடன் ஒப்பிடும் முறை அது. அம்மாதிரிப் படம் எங்கிருந்து வருகின்றது என வினவுதல் வேண்டும். மாதிரி இல்லாதவிடத்து முதல் ஓட்டத்திலே எடுத்த படமே மாதிரியாகச் சேமிக்கப்படுகின்றது. முதல் ஓட்டத்தில் தமிழுக்குப் பதிலாகப் பெட்டிகள் தோன்றியிருப்பின், அப்பெட்டிகளே அளவுகோலாகின்றன. பின்னர் எவரேனும் தமிழ் எழுத்துருவை நிறுவி எழுத்துகளைச் சரியாகத் தோன்றச் செய்வாராயின், மாதிரியினின்று மாறுபட்டது எனச் சோதனை சிவப்புக் காட்டும். பிழை சட்டமாகிவிட்ட இடத்திலே திருத்தம் குற்றமாகின்றது. தமிழ் அறிந்த ஒருவர் அம்மாதிரிப் படத்தை ஒருமுறை பார்த்திருந்தாற் போதும். அவ்வொருவரை அழைக்கும் வரி எந்தக் கோப்பிலும் இல்லை.

செலவு என்னும் சாட்டு

இவற்றையெல்லாம் எடுத்துரைக்கும்போது எழும் முதல் மறுப்பு செலவு பற்றியது. எல்லாவற்றையும் சோதித்தல் இயலாது; வாடகைச் சேவையில் ஒவ்வோர் இணைப்புக்கும் பணம் உண்டு என்பர். இம்மறுப்பைக் கணக்கினாலேயே பரிசீலித்தல் தகும். மூன்று உலாவிகள், நான்கு திரையளவுகள், ஐம்பது சோதனைகள் எனக் கொள்வோர் ஆங்கிலத்தில் மட்டும் ஓட்டின் பன்னிரு சேர்க்கைகளும் 600 ஓட்டங்களும் வரும். ஓட்டமொன்றுக்கு ஒரு நிமிடமும் ஒரே வேளையில் ஐந்து இணைப்புகளும் எனின் இரண்டு மணி நேரம். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மும்மொழியிலும் எல்லாச் சேர்க்கைகளையும் ஓட்டின் 36 சேர்க்கைகள், 1,800 ஓட்டங்கள், ஆறு மணி நேரம். மும்மடங்குச் செலவு கட்டுபடியாகாது எனக் கூறி, ஆங்கிலம் நீங்கலான இரு மொழிகளும் வெட்டப்படுகின்றன. வெட்டு உலாவியின் மீது விழுவதில்லை. திரையளவின் மீது விழுவதில்லை. மொழியின் மீதே விழுகின்றது.

ஆனால் எல்லாச் சேர்க்கைகளும் தேவை என எவர் விதித்தார்? அமெரிக்கத் தேசிய தர, தொழில்நுட்ப நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர் 2004இல் வெளியிட்ட ஆய்வு, மென்பொருட் குறைகளிற் பெரும்பகுதி ஒரு காரணியாலோ இரு காரணிகளின் சேர்க்கையாலோ எழுவதைக் காட்டியது. ஆகவே ஒவ்வோர் இணையும் ஒருமுறையேனும் சந்திக்குமாறு வகுத்தல் பெரும்பாலும் போதுமானது. முதற் திரையளவில் மூன்று உலாவிகளுக்கும் முறையே சிங்களம், தமிழ், ஆங்கிலம் எனக் கொடுக்க. இரண்டாம் திரையளவில் அவ்வரிசையைத் தமிழ், ஆங்கிலம், சிங்களம் எனச் சுழற்றுக. மூன்றாவதில் மீண்டும் சுழற்றுக. நான்காவதில் இவற்றுள் ஒன்றை மறுபடி எடுத்துக்கொள்க. இப்போது ஒவ்வொரு மொழியும் ஒவ்வோர் உலாவியையும் ஒவ்வொரு திரையளவையும் சந்தித்துவிடுகின்றது. சேர்க்கைகளின் தொகை பன்னிரண்டே. ஆங்கிலத்தில் மட்டும் ஓட்டியபோது ஆன தொகையும் அதுவே. ஓட்டமும் 600, நேரமும் இரண்டு மணி. மூன்று காரணிகளும் ஒருங்கு சேரும்போது மட்டும் தோன்றும் குறைகள் சில இதற்குத் தப்பலாம். அவற்றை இரவிலோ வார இறுதியிலோ ஓடும் முழுச் சோதனைக்கு விடலாம். தமிழைச் சோதித்தற்குச் செலவு தடையன்று என்பது இவ்வெளிய கணக்காலே தெளிவாகும். தடையாக நிற்பது தமிழைக் காரணியாக எண்ணாத மனம்.

இரண்டாவது மறுப்பு, தமிழ்ப் பக்கத்தைப் பயன்படுத்துவோர் தொகை குறைவு, பலரும் ஆங்கிலப் பக்கத்தையே நாடுகின்றனர் என்பது. இது வட்டத்திலே சுழலும் வாதம். பெயரை விழுங்கும் படிவத்தையும் பெட்டியாகத் தோன்றும் பக்கத்தையும் விட்டு மக்கள் விலகுவது இயல்பு. விலகியதைக் காட்டி, வேண்டாமையால் விலகினர் என்பது, பாலத்தை உடைத்துவிட்டு ஆற்றைக் கடப்பாரில்லை எனப் புள்ளிவிபரம் காட்டுவதற்கு ஒப்பானது. அரசு நிறுவனங்களைப் பொறுத்தவரை இவ்வாதத்துக்கு இடமேயில்லை. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழும் அரச கரும மொழியாதல் வேண்டும் என விதித்தது. உரிமை தலைக்கணக்கைப் பொறுத்ததன்று. 1956இன் சட்டம் தமிழை வெளிப்படையாக விலக்கிற்று. அதனை எதிர்த்தற்கு முகமும் பெயரும் இருந்தன. அமைவுக் கோப்பிலே விடுபட்ட வரியோ எவரையும் விலக்குவதாகக் கூறுவதில்லை. அது பேசாமலே விலக்குகின்றது. எதிர்ப்பதற்கு முகமில்லாத விலக்கு ஆதலால் அது கூடுதல் ஆபத்தானது.

மூன்றாவது மறுப்பு, இது பொறியியலாளர் துறை. கலைப்பீடத்தார் தலையிடவேண்டிய விடயமன்று என்பது. கொ என்பது ஓரெழுத்தா ஈரெழுத்தா, ஔகாரமும் ஒகரத்தையடுத்த ளகரமும் வேறா, கிரந்த எழுத்து இரண்டும் ஒன்றா என்னும் வினாக்கள் எந்தத் துறைக்குரியன? எழுத்து என்பது யாது என்ற ஆராய்ச்சியோடு இலக்கணத்தைத் தொடங்கிய மரபு தமிழ் மரபு. அம்மரபைப் பயில்வோர், இயந்திரம் எழுத்தை எவ்வாறு எண்ணுகின்றது என்பதிற் கருத்தில்லாதிருப்பராயின், குறை பொறியியலாளருடையது மட்டுமன்று. தமிழ்த் துறைகளும் இதற்குப் பொறுப்பேற்றாதல் வேண்டும். கணினித் தமிழின் பெருமை பற்றி விழாக்களில் உரையாற்றுதல் எளிது. ஒரு படிவம் ஏற்கவேண்டிய ஐம்பது தமிழ்ப் பெயர்களைப் பட்டியலிட்டுக் கொடுத்தல் பயனுடையது. அவ்வேலை நடைபெறவில்லை.

செய்யவேண்டியன

விமரிசனம் நடைமுறைக்கு வழிகாட்டாவிடின் வெறும் புலம்பலாய் முடியும். ஆதலின் சில கோரிக்கைகளைத் தெளிவாக முன்வைத்தல் அவசியமாகின்றது. பொதுப் பணத்தில் உருவாகும் எந்தத் தளமும், எவ்வெவ் உலாவிகளில், எப்பதிப்புகளில், எம்மொழிகளிற் சோதிக்கப்பட்டது என்னும் பட்டியலைத் தன் பக்கத்திலேயே வெளியிடல் வேண்டும். திறவுகோல்கள் இரகசியமாக இருக்கட்டும்; பட்டியல் இரகசியமாதற்கு நியாயமில்லை. கேள்விப் பத்திரங்களிலும் ஒப்பந்தங்களிலும் சோதனை நிறைவேறல் வேண்டும் என்னும் வெற்று வாசகத்துக்குப் பதிலாக, மும்மொழியும் சோதனையின் காரணியாதல் வேண்டும் என்பது நிபந்தனையாக எழுதப்படல் வேண்டும். பழைய கைபேசிப் பதிப்பொன்றேனும் பட்டியலில் இடம்பெறல் வேண்டும். மாதிரிப் படம் எதுவும் அம்மொழி வாசிக்கத் தெரிந்த ஒருவர் பாராமல் ஏற்கப்படலாகாது. மீள ஓட்டிப் பெற்ற பச்சை, பச்சையோடு சேர்த்தெண்ணப்படாது தனியே காட்டப்படல் வேண்டும்.

பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் கணினித் துறைகளும் கூடிச் செய்யவேண்டிய வேலையொன்றும் உண்டு. தமிழ் தவறும் இடங்களைத் தொடும் சோதனை வாசகங்களின் திரட்டு ஒன்று தொகுக்கப்படல் வேண்டும். கொழும்பு இரு வடிவிலும், ஸ்ரீதரன் இரு குறியிலும், யாழ்ப்பாணம் புள்ளியோடும், திருக்கோணமலை மலையோடும் அதில் இருத்தல் வேண்டும். எவரும் எடுத்துத் தம் சோதனையில் இட்டுக்கொள்ளத்தக்கதாக அது இலவசமாக வழங்கப்படல் வேண்டும். இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை; ஒரு தவணைக் கால உழைப்புப் போதும்.

பச்சைக் குறி பொய் சொல்வதில்லை. கேட்கப்பட்டதற்கு அது உண்மையாகவே விடை கூறுகின்றது. தமிழைப் பற்றி அதனிடம் எவரும் கேட்கவில்லை என்பதே குற்றச்சாட்டு. கேட்கவைத்தல் பொறியியலாளரின் தயவிலே தங்கியிருக்கும் காரியமன்று. தளத்தைக் கோருவோரதும், அதற்குப் பணம் செலுத்துவோரதும், அத்தளத்திலே தம் பெயரைத் தம் மொழியில் எழுத உரிமையுடையோரதும் கடமையாகும். புள்ளி ஒன்று விழுந்த பெயரைத் திருத்தித்தருமாறு வரிசையிலே காத்து நிற்றலினும், புள்ளி விழாதவாறு ஒரு வரியை எழுதுவித்தல் மேலானது.